ஐப்பசியில் தொடங்கும் கோடைப் பூக்கள்



மாசி கழிந்து வெயில் ஏறும் காலத்தில், தொட்டியில் வைத்த கிழங்குச் செடிகள் இலையோடு நின்றுவிடுவதும், முந்தைய ஆண்டு பூத்த குமிழம் மறு ஆண்டு அழுகிக் கையோடு வருவதும் பல வீடுகளில் ஆண்டுதோறும் நிகழ்கின்றன. அவற்றுக்குக் காரணமாகப் பெரும்பாலும் வெயிலே சுட்டப்படுகிறது. அந்தப் பழியை வெயில் முழுவதும் சுமக்க வேண்டியதில்லை என்பதை எடுத்துரைக்கவே இம்மடல் எழுதப்படுகிறது. கோடையில் மலரும் கிழங்குச் செடிகளில் பல, தம் பூவை முந்தைய ஆண்டின் இலைகள் சேர்த்த உணவைக் கொண்டு உருவாக்கி, வறண்ட ஓய்வு ஒன்றைக் கடந்த பின்னரே அதை வெளியே அனுப்புகின்றன. அந்த ஓய்வு தொடங்க வேண்டிய மாதங்களோ தமிழ்நாட்டில் அடைமழை பெய்யும் ஐப்பசியும் கார்த்திகையுமாக அமைந்துவிட்டன. ஆகவே கோடைப் பூவுக்கான கவனிப்பைப் பங்குனியில் தொடங்குபவர் ஐந்து மாதம் தாமதித்தவர் ஆகிறார்.

இதை விளக்கச் சில சொற்களை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பேச்சு வழக்கில் மண்ணுக்கடியில் பருத்திருக்கும் எதுவும் கிழங்கு என்றே அழைக்கப்படுகிறது. தாவரவியல் அவற்றை நான்காகப் பிரிக்கிறது. குமிழம் என்பது, குறுகித் தட்டையான ஒரு தண்டின் மேல் சதைப்பற்றுள்ள இலையடிகள் அடுக்கடுக்காக மூடியிருக்கும் உறுப்பு. வெங்காயம் அதற்கு எல்லோரும் அறிந்த சான்று, நர்சரிகளில் அமரிலிஸ் என்ற பெயரில் விற்கப்படும் ஹிப்பியாஸ்ட்ரமும், ஃபுட்பால் லில்லியும், மழை லில்லியும் அவ்வகையைச் சேர்ந்தவை. கந்தம் என்பது அடுக்குகள் இன்றி முழுவதும் திண்மையான தண்டாகவே பருத்தது; கிளாடியோலஸும் சேப்பங்கிழங்கும் கந்தங்கள். மட்டநிலத்தண்டு மண்ணுக்குள் கிடைவாட்டில் ஓடிக் கணுதோறும் முளைவிடுவது. இஞ்சி, மஞ்சள், கல்வாழை ஆகியன இத்தகையவை. தண்டின் ஒரு பகுதியோ வேரோ உணவைச் சேர்த்துப் பருத்தால் அது கிழங்கு. காந்தளில் பருப்பது தண்டு, டேலியாவில் பருப்பது வேர்.

டென்மார்க் நாட்டுத் தாவரவியலாளர் கிறிஸ்டென் ரவுன்கியர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வாழ்வதற்கு ஒவ்வாத பருவத்தைக் கடக்கும்போது ஒரு செடி தன் மொட்டை எந்த இடத்தில் வைத்துக் காக்கிறது என்பதையே அளவுகோலாகக் கொண்டு தாவரங்களை வகைப்படுத்தினார். மேற்சொன்ன நான்கு வகைகளும் அவரது பகுப்பில் ஒரே கூட்டத்தில் அடங்கும், ஏனெனில் அவை யாவும் தம் மொட்டை மண்ணுக்கடியில் ஒளித்துவைப்பவை. தோட்டக்காரருக்கு இந்தப் பார்வை மிகுந்த பயன் தருவது. ஒரு குமிழத்தைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டிய முதற்கேள்வி அது எந்த நிறத்தில் பூக்கும் என்பதன்று, எந்தப் பருவத்துக்கு அஞ்சி அது மண்ணுக்குள் ஒடுங்கக் கற்றது என்பதே. பனிக்கு அஞ்சி ஒடுங்கியது ஒரு விதமாகவும், வறட்சிக்கு அஞ்சி ஒடுங்கியது வேறு விதமாகவும் விழித்தெழும்.

பனிக்காலத்தை மண்ணுக்குள் கடந்தாக வேண்டிய இனத்துக்குச் சரியான சான்று டூலிப். மத்திய ஆசியாவின் மலைச்சரிவுகளைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, இலை காய்ந்த பின் குமிழத்துக்குள்ளேயே பூவின் கருவை உருவாக்கிக்கொள்கிறது. ஆனால் அந்தக் கருவைத் தாங்கும் தண்டு நீள்வதற்கு, ஏறத்தாழ 9 பாகை செல்சியஸுக்குக் கீழான குளிர் 12 முதல் 16 வாரங்கள் வரை தொடர்ந்து கிடைக்க வேண்டும். ஸ்ரீநகரில் ஜபர்வான் மலையடிவாரத்தில் உள்ள டூலிப் தோட்டம் இளவேனிலில் நிறைந்து பூப்பதற்குக் காரணம் அங்கே விழும் பனிதான். சென்னையில் தை மாத இரவுகள்கூட 20 பாகையை ஒட்டியே நிற்பவை. குளிர்சாதனப் பெட்டியில் பல வாரங்கள் வைத்து எடுத்து நட்டால் ஒருமுறை பூக்கக்கூடும் என்பது உண்மை. அப்போதும் பக்கத்தில் ஆப்பிளோ வாழைப்பழமோ இருந்தால், பழம் முதிரும்போது வெளிவிடும் எத்திலீன் என்ற வாயு குமிழத்துக்குள் இருக்கும் பூக்கருவைக் கருக்கிவிடும். அப்படிப் பூத்த குமிழமும் சமவெளியின் வெப்பத்தில் மீண்டும் உணவு சேர்த்துத் தேறுவதில்லை. கண்ணைப் பறிக்கும் படத்துடன் விற்கப்படும் டூலிப் குமிழங்களைச் சமவெளித் தோட்டத்துக்கு வாங்குவது, ஆண்டுதோறும் வாங்கி ஆண்டுதோறும் எறிவதற்கே வழி செய்யும் என்பதால் அதைத் தவிர்க்குமாறு இம்மடல் வலியுறுத்துகிறது.

உதகையிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் மே மாதக் கோடை விழாவுக்குப் பின் கொண்டுவரப்படும் டேலியாக் கிழங்குகளின் கதையும் இதற்கு அருகில் வருவதே. டேலியாவின் தாயகம் மெக்சிகோவின் உயர்நிலப் பகுதி; பகலின் வெயிலைத் தாங்கும் அச்செடிக்கு இரவில் குளிர்ச்சி வேண்டும். உயரம் 1000 மீட்டர் கூடும்போது வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை குறையும் என்பதால், 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கும் உதகையில் மே மாதத்தில் கிடைக்கும் இரவு, மதுரையிலோ திருச்சியிலோ எந்த மாதத்திலும் கிடைப்பதில்லை. சமவெளியில் டேலியாவை வளர்க்க விரும்புவோர் மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்களின் பூவாக மட்டும் அதைக் கருதலாம். கோடைக்கு அது உரியதன்று.

வறட்சிக்கு அஞ்சி ஒடுங்கக் கற்ற இனங்களே சமவெளிக் கோடைக்கு ஏற்றவை. தென்னமெரிக்காவின் ஹிப்பியாஸ்ட்ரம், வெப்பமண்டல ஆப்பிரிக்காவின் ஃபுட்பால் லில்லி, மெக்சிகோவின் சம்பங்கி, அமெரிக்கக் கண்டங்களின் வெப்பப் பகுதிகளில் பரவிய மழை லில்லி ஆகியவை, நீண்ட வறண்ட பருவமும் அதன் முடிவில் வெப்பத்தோடு வரும் மழையும் உள்ள நிலங்களுக்கு இசைந்து வாழ்பவை. அந்நிலங்கள் பலவற்றில் வறட்சியும் ஓரளவு குளிர்ச்சியும் ஒரே பருவத்தில் சேர்ந்து வருகின்றன. தமிழ்நாட்டிலோ ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியை வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொண்டுவருவதால், பகல் குறுகி, வெப்பம் தணிந்து, செடி இலையை உதிர்த்து ஒடுங்க முனையும் அதே நேரத்தில் மண் நாள்கணக்கில் ஊறிக் கிடக்கிறது. குளிர்காலத்தில் தண்ணீரை நிறுத்தினாலே போதும் என்று பிற மாநிலங்களின் கையேடுகள் கூறும் அறிவுரை அங்கே பொருந்துவது. இங்கே குழாயை மூடினாலும் வானம் மூடுவதில்லை. உறங்கும் குமிழத்துக்கு நீரை வெளியிடும் இலையும் இல்லை, உறிஞ்சும் புது வேரும் இல்லை. ஊறிய மண்ணில் காற்றோட்டம் அற்றுப்போக, ஃபியூசேரியம் முதலான பூஞ்சைகள் அடித்தட்டு வழியாக நுழைந்து உள்ளடுக்குகளைக் கூழாக்கிவிடுகின்றன. தை மாதத்தில் மேலே நலமாகத் தெரியும் குமிழம், மாசியில் விரலால் அழுத்தினால் உள்வாங்குவது இதனால்தான். அதைக் கோடையின் சேதம் என்று கணக்கு வைப்பது தவறு.

ஆகவே ஐப்பசி முதல் வாரத்துக்குள் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. இலை பழுக்கத் தொடங்கிய தொட்டிகளை வெயிற்படும் திறந்தவெளியிலிருந்து எடுத்து, சன்ஷேடுக்கு அடியிலோ, தகரக் கூரையின் ஓரத்திலோ, சாரல் எட்டாத படிக்கட்டு மூலையிலோ வரிசையாக வைத்துவிட வேண்டும். இடம் இல்லாத வீட்டில், தொட்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்தாலே மழைநீரின் பெரும்பகுதி மண்ணில் இறங்காமல் வெளியே வழிந்துவிடும். நிலத்தில் நட்டவர்கள் பாத்தியைச் சுற்றியுள்ள தரையைவிட ஒரு சாண் உயர்த்தி அமைத்திருந்தால் அச்சம் குறைவு. தாழ்வான களிமண் பாத்தியில் வைத்திருந்தால் குமிழத்தைத் தோண்டியெடுத்து, மண்ணை உதறி, நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, காற்றுப் புகும் கூடையில் உலர்ந்த மணலுக்குள் இட்டுவைப்பதே பாதுகாப்பு. பாலித்தீன் பையில் கட்டிவைத்தால் குமிழம் விடும் ஈரமே அதை அழுகச் செய்யும்.

ஹிப்பியாஸ்ட்ரத்தைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது, ஏனெனில் தமிழ்நாட்டு வீடுகளில் மிகுதியாக இருப்பதும் மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுவே. உண்மையான அமரிலிஸ் தென்னாப்பிரிக்காவின் வேறொரு செடி. நர்சரிகளின் அமரிலிஸ் தென்னமெரிக்காவின் ஹிப்பியாஸ்ட்ரம். அதன் குமிழம் சில இலைகளுக்கு ஒரு பூந்தண்டு என்ற முறையில் உள்ளேயே பூக்கருக்களை உருவாக்கிக்கொண்டு போகிறது. ஒரு கரு தோன்றுவதற்கும் அது வெளியே மலர்வதற்கும் இடையே ஏறத்தாழ ஓராண்டு கழிகிறது. இதன் பொருள், பங்குனியில் மலரும் பூவை ஊட்டியவை முந்தைய சித்திரை முதல் புரட்டாசி வரை நின்ற இலைகள் என்பதே. பூ முடிந்ததும் பார்வைக்கு அழகில்லை என்று இலையை வெட்டுவதும், கோடையின் நடுவில் அதைக் கவனிக்காமல் நிழலில் ஒதுக்கிவிடுவதும் வரும் ஆண்டின் பூவை வெட்டுவதற்கு நிகர். பூத்த தண்டை மட்டும், விதை பிடிக்கும் முன், அடியில் நறுக்கிவிடலாம். இலைகளுக்கோ காலை வெயிலும், மாதம் ஒருமுறை மக்கிய தொழுவுரமும், சாம்பல் சத்து மிகுந்த சிறிது உரமும் புரட்டாசி வரை தொடர்ந்து கிடைக்க வேண்டும். அதன் பின் உரத்தை நிறுத்தி, ஐப்பசியில் மழைக்கு மறைத்து, தை முடியும் வரை உலரவிட்டால், மாசியில் ஒருமுறை நன்றாக நனைத்த சில வாரங்களில் இலைக்கு முன்னதாகவே பூந்தண்டு எழுவதைக் காணலாம். வெப்பமண்டலத்தில் இச்செடி ஈரம் கிடைக்கும்வரை இலையை விடாமல் வைத்திருக்கும் இயல்புடையது. அதை நலத்தின் அடையாளமாகக் கருதி ஆண்டு முழுதும் நீர் ஊற்றுபவரின் தொட்டியில் இலை பெருகும், பூ அரிதாகும். நடும்போது குமிழத்தின் கழுத்தும், உடலில் மூன்றில் ஒரு பகுதியும் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். தொட்டி குமிழத்தைவிட இரண்டு விரற்கடை அகலமாக இருந்தால் போதும்; பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரத்தைப் பிடித்துவைத்து அழுகலை வரவழைக்கும்.

ஃபுட்பால் லில்லி இதைவிடக் கண்டிப்பான செடி. ஆண்டுக்கு ஒரே முறை, கத்திரி வெயிலை ஒட்டி முதல் கோடைமழை விழுந்ததும், இலையற்ற மண்ணிலிருந்து ஒரு தண்டு எழுந்து, நூற்றுக்கும் மேற்பட்ட சிறுபூக்கள் சேர்ந்த செந்நிற உருண்டையைத் தாங்கி நிற்கும். ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை அந்த அழகு நீடிக்கும். அதன் பின்னரே இலைகள் விரிந்து, கார்த்திகை வரை நின்று, தாமாகக் காயும். மார்கழியிலிருந்து சித்திரை வரை அந்தத் தொட்டியில் ஒன்றுமே தெரியாது. வெறுந்தொட்டி என்று எண்ணி அதில் தக்காளி நாற்றோ துளசியோ நட்டு நாள்தோறும் நீர் ஊற்றுவதால் அழிந்த ஃபுட்பால் லில்லிகள், நோயால் அழிந்தவற்றைவிட மிகுதியாக இருக்கும் என்று துணிந்து கூறலாம். பெயரும், ஒடுங்கிய மாதமும், விழிக்கும் மாதமும் எழுதிய அட்டை ஒன்றைத் தொட்டியில் செருகிவைப்பது இச்செடிக்கு எந்த உரத்தையும்விடப் பெரிய பாதுகாப்பு. வேரைக் கலைப்பதை இது விரும்புவதில்லை. தொட்டி நிறைந்து நெருக்கும்வரை மாற்றி நடாமல் விடுவதே முறை.

மழை லில்லி எளிமையானது. சில நாள் உலர்ந்து கிடந்த மண் ஒரே நாளில் நன்றாக ஊறினால், அடுத்த சில நாள்களில் இளஞ்சிவப்பு, மஞ்சள், வெள்ளை நிறங்களில் பூக்கள் கூட்டமாக எழும்; ஒவ்வொரு பூவும் ஓரிரு நாளே நிற்கும். கோடையில் நாள்தோறும் சிறிது சிறிதாகத் தெளிப்பதைக் காட்டிலும், பத்து நாள் பொறுத்திருந்து ஒருமுறை முழுமையாக நனைப்பது இதற்கு ஏற்றது. குமிழங்கள் நெருங்கி வளர்ந்தால்தான் பூ மிகும் என்பதால் அகன்ற தட்டைத் தொட்டியே பொருத்தம்.

சம்பங்கியின் நிலை இவற்றிலிருந்து சற்று வேறுபட்டது. மெக்சிகோவில் ஐரோப்பியர் வருகைக்கு முன்பே பயிரிடப்பட்ட இச்செடி, இன்று சத்தியமங்கலம், திண்டுக்கல் முதலிய பகுதிகளில் உழவர்களின் வயற்பயிராக நிலைபெற்று, தமிழ்நாட்டுப் பூமாலைகளில் நீங்காத இடம் பெற்றுள்ளது. ஒற்றையடுக்கு இதழ் வகை மணம் மிகுந்தது, உதிரிப்பூவாகவும் வாசனை எண்ணெய்க்காகவும் பயன்படுவது. இரட்டையடுக்கு வகை பூங்கொத்துக்கு ஏற்றது. பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட சிருங்கார், பிரஜ்வல் ஆகிய ஒற்றையடுக்கு இரகங்கள் வீட்டுத்தோட்டத்துக்கும் நன்கு பொருந்துபவை. ஒரு குமிழம் ஒரே முறைதான் பூக்கும். பூத்தபின் அதைச் சூழ்ந்து வரும் குட்டிக் குமிழங்களே அடுத்த பூவைத் தரும். ஆகவே தூர் அடர்ந்து இரண்டு மூன்று ஆண்டுகள் ஆனதும், தோண்டிப் பிரித்து, 25 முதல் 30 கிராம் எடையுள்ள திரண்ட குமிழங்களை மட்டும் தெரிந்தெடுத்து, ஒரு மாதம் நிழலில் ஆறவைத்து மீண்டும் நட வேண்டும். சிறியவற்றை எறிய வேண்டாம். அவை ஓராண்டு இலையாக நின்று பருத்தபின் பூக்கும். 40 பாகையைத் தாண்டும் நாள்களில் பூந்தண்டு குட்டையாகிப் பூவின் தரமும் குறைவதால், பிற்பகல் வெயில் நேரே படாத இடம் சம்பங்கிக்கு ஏற்றது. வேரில் முடிச்சுப் போடும் நூற்புழுக்கள் இதன் நெடுங்காலப் பகை. நடும்போது ஒரு பிடி வேப்பம்பிண்ணாக்கை மண்ணில் கலப்பதும், ஒரே தொட்டி மண்ணில் மறுபடியும் சம்பங்கியையே வைக்காமல் இருப்பதும் அதைக் கட்டுப்படுத்தும்.

கிழங்கு இல்லாத செடியானாலும், குண்டுமல்லியை இம்மடல் விலக்கிவைக்க இயலாது, ஏனெனில் கோடைப் பூவின் கணக்கு கார்த்திகையில் தொடங்குகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேறில்லை. மதுரை மல்லி 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அதை விளைவிக்கும் உழவர்கள் நவம்பர் இறுதியில் செடியைத் தரையிலிருந்து ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் உயரத்தில் கவாத்து செய்வது, அதாவது கிளைகளை வெட்டிச் சீராக்குவது, நெடுநாள் வழக்கம். மல்லிகை புதுத் தளிரின் நுனியில் பூப்பது. பழைய கிளையை வெட்டினால்தான் தை, மாசியில் புதுத்தளிர் எழுந்து பங்குனி முதல் ஆடி வரை அரும்பு கட்டும். வீட்டுத்தோட்டத்தில் மனம் வராமல் வெட்டாது விட்ட செடி உயரமாகப் படர்ந்து, நுனியில் நான்கு பூ வைத்து நின்றுவிடுகிறது. கார்த்திகையில் கத்தரியை எடுப்பவருக்கே சித்திரையில் கூடை தேவைப்படும்.

தொட்டி மண்ணைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் மாடித்தோட்டம் பரவியபோது தென்னை நார்க்கழிவு நிரப்பிய வளர்ப்புப் பைகளே மிகுதியாகப் புழக்கத்துக்கு வந்தன. எடை குறைவு, ஈரம் காப்பது ஆகிய காரணங்களால் கத்தரிக்கும் கீரைக்கும் அவை மிகச் சிறந்தவை. அந்த ஈரம் காக்கும் குணமே குமிழங்களுக்குப் பகையாகிறது. செம்மண் இரண்டு பங்கு, பருமணலோ பொடித்த செங்கல்லோ ஒரு பங்கு, நன்கு மக்கிய எரு ஒரு பங்கு என்ற கலவையில், நார்க்கழிவைச் சிறிதளவே சேர்த்தோ அறவே தவிர்த்தோ குமிழங்களை நடுவது நலம். தொட்டியின் அடித்துளை மண்ணால் அடைபடாதவாறு ஓட்டுத் துண்டு வைப்பதும், அடியில் நீர் தேங்கும் தட்டை நீக்குவதும் இன்றியமையாதவை. அத்தட்டில் தேங்கும் நீர் குமிழத்தை அழுகச் செய்வதோடு, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும் இடமாகவும் ஆகிறது.

கோடையின் நேரடித் தாக்குதல் இலையைவிட வேரையே முதலில் வதைக்கிறது. காற்றின் வெப்பநிலை 40 பாகையாக இருக்கும்போது சிமென்ட் தளம் அதைவிட மிகுதியாகச் சூடேறி, மேலே வைத்த கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியின் மண்ணை வேர் தாங்காத அளவுக்குக் கொதிக்கவைக்கிறது. தொட்டியைச் செங்கல் மேல் ஏற்றி அடியில் காற்றுப் புகச் செய்வது, ஒரு தொட்டிக்குள் மற்றொன்றை வைத்து இடைவெளியை உலர்ந்த இலையால் நிரப்புவது, மண்ணின் மேல் வைக்கோலோ தென்னைமட்டைத் தூளோ பரப்புவது, மேற்கு வெயிலுக்கு எதிரே 50 விழுக்காட்டு நிழல்வலை கட்டுவது ஆகியவற்றுள் எது இயலுமோ அதைச் செய்யலாம். சுடுமண் தொட்டி தன் சுவர் வழியே நீரை ஆவியாக்கித் தானே குளிர்வதால் கோடைக்கு ஏற்றது, ஆனால் அதற்கு நீர் மிகுதியாக வேண்டும். நீரைக் காலை 7 மணிக்குள் ஊற்றுவது முறை. மாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து பிற்பகலில் வரும் நீரும், வெயிலில் கிடந்த குழாய்க்குள் நிற்கும் நீரும் கைபொறுக்காத சூட்டில் இருப்பதால், முதலில் வரும் நீரை வாளியில் பிடித்து ஆறவைக்காமல் செடிக்கு விடலாகாது. ஆழ்துளைக் கிணற்று உப்புநீரைப் பயன்படுத்தும் வீடுகளில் தொட்டி விளிம்பில் வெண்படலம் தோன்றினால், கோடைமழை நீரை அடித்துளை வழியே ஓடுமளவுக்கு ஊற்றி உப்பைக் கழுவிவிட வேண்டும். குமிழங்களுக்கு முன்பு கூறிய ஓய்வு விதிகள் அனைத்துக்கும் விலக்காக நிற்பது கல்வாழை. அது ஈரத்தை விரும்பும் நீர்க்கரைச் செடியாதலால் சமையலறையின் கழுவுநீர் பாயும் இடத்தில்கூட ஆண்டு முழுதும் பூக்கும்.

கோடையில் குமிழங்கள் பூக்காத நாள்களிலும் தோட்டம் வெறுமையாக வேண்டியதில்லை. விதையிலிருந்து ஏறத்தாழ இரண்டு மாதங்களில் பூக்கும் ஜினியா, உலர்ந்தும் நிறம் மாறாத வாடாமல்லி, கோழிக்கொண்டை, கனகாம்பரம், நித்திய கல்யாணி ஆகியவை மாசியில் விதைத்தாலோ நாற்று வைத்தாலோ கத்திரியைத் தாங்கி நிற்கும். டேபிள் ரோஸ் என்றும் பத்துமணிப் பூ என்றும் வழங்கும் செடி, வறட்சியில் பகலில் இலைத்துளைகளை மூடி இரவில் காற்றிலிருந்து கரியமிலவாயுவைச் சேர்த்துவைக்கும் திறன் உடையது. மொட்டைமாடிச் சுவரின் மேல், வேறெதுவும் பிழைக்காத இடத்தில் அது பூப்பதற்குக் காரணம் அதுவே.

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளை இறுதியாகக் குறிப்பிடுவதற்குத் தனிக் காரணம் உண்டு. குமிழங்கள் அஞ்சும் வடகிழக்குப் பருவமழையோடு இசைந்து வாழ்வது இம்மண்ணுக்குரிய காந்தள்; ஆனி, ஆடியில் முளைத்து, இலைநுனியைப் பற்றுக்கம்பியாகச் சுருட்டி வேலியில் ஏறி, மழைக்காலத்தில் பசுமையிலிருந்து மஞ்சளாகவும் செம்மையாகவும் நிறம் மாறும் பூக்களை மலர்த்தி, தை, மாசியில் காய்ந்து, கோடை முழுதும் மண்ணுக்குள் உறங்கும். ஆகவே கோடை முழுதும் உலர்வாக வைக்க வேண்டிய தொட்டி இது ஒன்றே. கவையாகப் பிரிந்த அதன் கிழங்கில் முளை இருப்பது கவையின் நுனிகளில் மட்டும். நுனி ஒடிந்தால் எஞ்சிய பகுதி முளைக்காது. அதன் எல்லா உறுப்புகளிலும் உள்ள கொல்கிசின் என்ற வேதிப்பொருள், கீல்வாத மருந்தாகப் பயன்படும் அளவைத் தாண்டினால் உயிரைப் பறிக்கும் நஞ்சு. கிழங்கை வள்ளிக்கிழங்கென்று மயங்க வாய்ப்பிருப்பதால், தோண்டியெடுத்ததைச் சமையலறைப் பக்கம் வைக்கவே கூடாது. ஹிப்பியாஸ்ட்ரம், ஃபுட்பால் லில்லி ஆகியவற்றின் குமிழங்களும் வெங்காயத்தை ஒத்த தோற்றமும் வாந்தியை உண்டாக்கும் நஞ்சும் உடையவை. குழந்தைகளும் நாயும் பூனையும் உள்ள வீடுகளில் உறங்கும் குமிழங்களை உயரமான இடத்தில், பெயரெழுதிய கூடையில் வைத்தல் வேண்டும். மழைக்காலத்தில் இம்மூன்றின் இலைகளிலும் கருநிற உடலில் வெண்புள்ளியும் செம்புள்ளியும் கொண்ட லில்லிப் புழுக்கள் கூட்டமாகத் தோன்றும். ஓரிரவில் இலையைத் தின்று கழுத்து வரை இறங்கிவிடுமாதலால், மாலையில் இலையின் அடிப்புறத்தைப் பார்த்துக் கையால் பொறுக்கி அழிப்பதே விரைவான வழி.

காந்தள் மருந்துக்காகவும் விதைக்கிழங்குக்காகவும் காடுகளிலும் கரடுகளிலும் நெடுங்காலமாகத் தோண்டப்பட்டு, முன்பு மிகுந்திருந்த இடங்களில் அருகிவிட்டது. மூலனூர், ஒட்டன்சத்திரம் பகுதிகளில் இதைப் பயிராக வளர்க்கும் உழவர்கள் இருப்பதால், வீட்டுத்தோட்டத்துக்கு வேண்டிய ஒன்றிரண்டு கிழங்கை அத்தகைய வளர்ப்போரிடமோ நர்சரியிடமோ பெற இயலும். மலைச்சாரலில் கண்ட கொடியைத் தோண்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை. வீட்டில் பெருகிய குமிழங்களைப் பகிர்ந்துகொள்வது தோட்டக்காரரின் பழைய நற்பழக்கம். ஹிப்பியாஸ்ட்ரம், சம்பங்கி, மழை லில்லி ஆகியவற்றின் குட்டிகளைச் செடி ஒடுங்கியிருக்கும் காலத்தில் பிரித்து, வேர்முடிச்சும் மென்மையான பகுதியும் உள்ளவற்றை விலக்கி, ஒட்டிய மண்ணைக் கழுவி உலர்த்தி, பூவின் நிறத்தோடு உறங்கும் மாதத்தையும் விழிக்கும் மாதத்தையும் தாளில் எழுதி உடன் கொடுக்குமாறு அன்பர்கள் அனைவரும் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர். வரும் ஐப்பசியின் முதல் மழைக்கு முன் அந்தத் தாள் பெறுவோர் கையில் இருக்க வேண்டும்.